சுடும் கம்பியைத் தொடும் நுனி

ரப்பர் மரத்தில் கட்டித் தொங்கவிட்ட பால் மங்கு பீங்கானாகவோ கண்ணாடியாகவோ இருந்ததற்குக் காரணம் உண்டு. வடியும் பாலோடு அது எந்த வினையும் புரியாது; மழையில் துருப்பிடிக்காது; அடியில் உறைந்த கட்டிப்பாலை விரலால் உரித்தால் சுத்தமாக வந்துவிடும். மலேசியாவின் பேராக் மாநிலத்து ஆயர் தாவாரைச் சுற்றி ஒரு காலத்தில் பரந்து கிடந்த ரப்பர் தோட்டங்களில் பெரும்பகுதி செம்பனைக்கு மாறிவிட்டது. ஆனாலும் மங்கு துடைத்த கைகளுக்குத் தெரிந்த பாடம் பழசாகிவிடவில்லை. ஒரு வேலைக்குப் பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது, அந்த இடத்தில் அது எதைச் செய்யாமல் இருக்க வேண்டும் என்று முதலில் கேட்க வேண்டும். வீட்டில் வேப் காயில் சுற்றுகிறவர்கள் தங்கள் மேசைமேல் கிடக்கும் கருவிகளைப் பார்த்து இந்தக் கேள்வியைக் கேட்டால், 'செராமிக்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் வெவ்வேறு குணமுள்ள பல பொருள்கள் ஒளிந்திருப்பது தெரியவரும். அவற்றில் ஒன்றுதான் இந்த வேலைக்கு நன்றாகப் பொருந்தும். அதுவும் ஒரே ஒரு கருவியில், அதன் நுனியில் மட்டும் இருந்தால் போதும். ஏன் என்பதைக் கணக்கோடு பார்க்கலாம்.

வேப் என்பது அடிப்படையில் ஒரு சிறு மின் அடுப்பு. பேட்டரி மின்சாரம் கம்பிச்சுருளைச் சூடாக்குகிறது. சுருளுக்குள் நுழைத்த பஞ்சில் ஊறிய திரவம் ஆவியாகிறது. சுருளைக் கையால் சுற்றுகிறவர்கள் அதிகம் பயன்படுத்துவது காந்தல் எனப்படும் கம்பி. இரும்போடு ஏறக்குறைய 22 விழுக்காடு குரோமியமும் 6 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவாக அலுமினியமும் சேர்ந்த கலப்புலோகம் அது. 0.4 மில்லிமீட்டர் தடிப்புள்ள காந்தல் கம்பியில் ஒரு சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 0.11 ஓம் மின்தடை இருக்கும். 3 மில்லிமீட்டர் குச்சியில் ஆறு சுற்றுச் சுற்றி, இரண்டு கால்களையும் சேர்த்தால் சுமார் 7 சென்டிமீட்டர் கம்பி ஆகும், மின்தடை 0.8 ஓமுக்கு அருகில் வரும். முழுதாக ஏறிய பேட்டரியின் 4.2 வோல்ட்டை அதற்குக் கொடுத்தால் ஐந்து ஆம்பியருக்குக் கொஞ்சம் மேலே ஓடும். சாதாரண 18650 பேட்டரிக்கு இது பெரிய சுமை இல்லை.

சிக்கல் சுற்றி முடித்த பிறகுதான் தொடங்குகிறது. புதுச் சுருளின் சுற்றுகள் ஒன்றோடொன்று சீராக ஒட்டி நிற்பதில்லை. ஓரிடத்தில் இடைவெளி இருக்கும், ஓரிடத்தில் உரசும். மின்சாரம் கொடுத்தால் முழுச் சுருளும் ஒன்றாகச் சிவக்காமல் ஒரு மூலை மட்டும் தகதகக்கும். அந்த மூலையில்தான் பின்னால் பஞ்சு கருகும். இதைச் சரிசெய்ய, பட்டனைச் சிறுசிறு நேரம் அழுத்தி, கம்பி சிவந்து இளகும்போது இடுக்கியால் சுற்றுகளை நெருக்கி அமுக்குவார்கள். நாலைந்து முறை இப்படிச் செய்ததும் சுருள் நடுவிலிருந்து இருபக்கமும் ஒரே சீராகச் சிவக்கத் தொடங்கும். இங்கே ஓர் அழகான வேதியியல் நடக்கிறது. சிவந்த கம்பியின் அலுமினியம் மேற்பரப்பில் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து அலுமினாவாக மாறி, மிக மெல்லிய தோலாகப் படிகிறது. அலுமினா ஒரு செராமிக். கம்பி தனக்குத் தானே பீங்கான் பூச்சுப் பூசிக்கொள்கிறது என்றே சொல்லலாம். அடுத்தடுத்த சுற்றுகள் தொட்டுக்கொண்டிருந்தாலும் மின்சாரம் குறுக்கே தாவாமல் கம்பி வழியே சுற்றிச் செல்வதற்கு அந்தத் தோல்தான் காரணம்.

அந்தத் தோல் முழுமையாக உருவாகும் முன், மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஸ்டீல் இடுக்கியால் சுருளை அமுக்கினால் என்ன ஆகும்? மின்சாரத்துக்கு இடுக்கியின் நுனி ஒரு குறுக்குவழி. ஆறு சுற்றுகளையும் கடந்து போக வேண்டிய மின்னோட்டம் ஸ்டீல் வழியாக நேரே பாயும். எஞ்சுவது கால்களாக இருக்கும் ஒரு சென்டிமீட்டர் கம்பியின் 0.11 ஓம் மட்டுமே. காகிதக் கணக்கில் அது 38 ஆம்பியர். பல 18650 பேட்டரிகள் தொடர்ந்து தாங்கும் அளவைவிட இது மிக அதிகம். தொடுமிடத்தின் தடையும் பேட்டரியின் உள்தடையும் இதைக் கொஞ்சம் குறைக்கும் என்பது உண்மை. ஷார்ட் ஆனதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் சிப் உள்ள கருவி என்றால் அதுவே காப்பாற்றிவிடும். சிப் இல்லாத 'மெக்கானிக்கல் மோட்' வகைக் கருவியில் பேட்டரிக்கும் சுருளுக்கும் நடுவே வேறு காவல் எதுவும் கிடையாது.

இங்கே பரவலான ஒரு தவறான எண்ணத்தைத் திருத்த வேண்டும். செராமிக் நுனி 'ஷாக் அடிக்காமல்' காக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். 4 வோல்ட் மின்சாரம் உலர்ந்த தோலைக் கடந்து யாரையும் உலுக்காது. ஆபத்தில் இருப்பது பேட்டரி. ரப்பர் உறை போட்ட கைப்பிடியுள்ள ஸ்டீல் இடுக்கி போதுமே என்ற வாதம் இதனால்தான் நிற்காது. அந்த உறை கையைச் சூட்டிலிருந்து காக்கும். நுனியில் நடக்கும் ஷார்ட்டுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. மின்கடத்தாத பொருள் இருக்க வேண்டிய இடம் சுருளைத் தொடும் அந்த ஐந்து மில்லிமீட்டர்தான். ஒரு பொருள் ஏன் கடத்துகிறது, இன்னொன்று ஏன் கடத்தாது என்பதை ஊர்ப்பெயரை வைத்தே விளக்கலாம். ஆயர் தாவார் என்ற பெயருக்கு உப்பில்லாத நன்னீர் என்று பொருள். பக்கத்து லுமுட் கடல்நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், கிணற்று நன்னீர் மிகக் குறைவாகவே கடத்தும்; சுமந்து செல்ல உப்பின் அயனிகள் எவ்வளவு இருக்கின்றன என்பதே வேறுபாடு. உலோகத்தில் இந்தச் சுமைகூலி வேலையைக் கட்டற்ற எலக்ட்ரான்கள் செய்கின்றன. செராமிக்கில் எலக்ட்ரான்கள் அணுக்களின் பிணைப்பில் இறுகக் கட்டுண்டு கிடப்பதால் சுமக்க ஆளில்லை.

அப்படியானால் எந்தச் செராமிக்கும் போதுமா? போதாது. தேநீர்க் கோப்பையின் பீங்கானும் ஒரு செராமிக்தான், கோலகங்சாரில் வனையும் லாபு சாயோங் கூஜாவும் சுட்ட மண்தான். இரண்டுமே மின்சாரத்தைக் குறிப்பிடத்தக்க அளவு கடத்துவதில்லை. ஆனால் இடுக்கியின் நுனி மெல்லியதாக இருக்க வேண்டும், அழுத்தத்தைத் தாங்க வேண்டும், கைதவறி விழுந்தால் சிதறக்கூடாது. கடைகளில் வரும் வெள்ளை நுனிகள் பெரும்பாலும் இரண்டு வகை: அலுமினா, சிர்கோனியா. பார்வைக்கு இரண்டும் உடன்பிறப்புகள்போல் இருக்கும், குணத்தில் வெகுதூரம். வெப்பத்தை எடுத்துக்கொள்வோம். 'செராமிக் சூடேறாது' என்பார்கள். உண்மையில் கெட்டியான அலுமினா ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைவிட நன்றாக வெப்பத்தைக் கடத்தும். வழக்கமான அலகில் ஸ்டீலுக்கு 15 என்றால் நல்ல அலுமினாவுக்கு 25, 30 வரை போகும். சிர்கோனியாவுக்கு 2 அல்லது 3 மட்டுமே. சுருளின் சூட்டை உறிஞ்சாமல், விரல் பக்கம் கடத்தாமல் இருப்பது சிர்கோனியாதான். சூட்டை உறிஞ்சும் நுனி கம்பியைத் தொட்டவுடன் குளிர்வித்துவிடும். இளகிய நிலையில் அமுக்க வேண்டும் என்ற நோக்கமே கெட்டுப்போகும்.

உறுதியிலும் சிர்கோனியாவே முன்னால் நிற்கிறது; அதன் காரணம் இருபதாம் நூற்றாண்டுப் பொருளறிவியலின் பெரிய கண்டுபிடிப்புகளுள் ஒன்று. சிர்கோனியா குளிரும்போது அதன் படிக அமைப்பு மாறி, கன அளவு ஏறக்குறைய 4 விழுக்காடு உப்பும். அந்த உப்பலால் தூய சிர்கோனியா சூளையிலிருந்து ஆறும்போதே வெடித்துப்போகும். யிட்ரியா போன்ற வேறோர் ஆக்சைடைச் சிறிதளவு கலந்தால், மாற வேண்டிய துகள்கள் மாறாமல் பழைய அமைப்பிலேயே காத்திருக்கும். பிறகு எங்காவது ஒரு விரிசல் தொடங்கினால், அதன் முனையில் குவியும் இழுவிசை அந்தத் துகள்களை விடுவிக்கிறது, அவை உப்புகின்றன, உப்பியவை விரிசலின் வாயை இருபக்கமும் நெருக்கி மூடுகின்றன. மழைக்காலத்தில் மரக்கதவு உப்பி நிலையோடு இறுகிக்கொள்வதைப் போன்றது இது. ஆஸ்திரேலியாவில் கார்வி, ஹானிங்க், பாஸ்கோ ஆகிய மூவர் 1975-ல் 'நேச்சர்' இதழில் இதை விளக்கியபோது 'செராமிக் ஸ்டீல்?' என்று கேள்விக்குறியோடு தலைப்பிட்டார்கள். பல் மருத்துவர் பொருத்தும் வெள்ளைப் பல்லுறையும் சமையலறையின் வெள்ளைக் கத்தியும் அந்தக் கண்டுபிடிப்பின் வழிவந்தவை.

இந்தப் பொருளின் பிறப்பிடம் நமக்கு அந்நியமல்ல. வேதியியலாளர் மார்ட்டின் கிளாப்ரோத் 1789-ல் பெர்லினில் இதன் தனிமமான சிர்கோனியத்தைக் கண்டறிந்தது இலங்கையிலிருந்து போன சிர்க்கான் கல்லில். அந்தக் கல்லின் நிறமற்ற வகைக்கு 'மாத்தறை வைரம்' என்றே பெயர். குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் இல்மனைட், மோனசைட்டோடு சிர்க்கானும் கலந்து கிடக்கிறது. அங்கே 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் மோனசைட்டை அடையாளம் கண்டதற்குத் துப்பாக இருந்தது ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டிய மணல். பேராக்கில் இத்தகைய கனிமக் கலவைக்கு அமாங் என்று பெயர். கிந்தா பள்ளத்தாக்கில் வெள்ளீயம் அலசிய பின் எஞ்சும் கனத்த கருமணலில் இல்மனைட், மோனசைட், சிர்க்கான் எல்லாம் உண்டு.  சிர்க்கான் பிரித்தெடுக்கப்பட்டு ஓடுகளின் வெள்ளைப் பூச்சுக்கும் வார்ப்பட அச்சுகளுக்கும் போயிற்று. 1938-ல் கட்டப்பட்டு இன்று பத்து காஜா அருகே காட்சிப்பொருளாக நிற்கும் தஞ்சோங் துவாலாங் ஐந்தாம் எண் வெள்ளீயம் தோண்டும் கப்பலும், ஆற்றில் இடுப்பளவு நீரில் நின்று டூலாங் தட்டைச் சுழற்றிய பெண்களும் நம்பியது ஒரே விதியை: கனத்த மணி அடியில் தங்கும், லேசான மணி நீரோடு போகும். சாதாரண மணலின் அடர்த்தி 2.65, சிர்க்கான் 4.6-க்கு மேல், வெள்ளீயக்கல் 7-ஐ நெருங்கும்.

வாங்கிய நுனி எந்தப் பொருள் என்று கண்டுபிடிக்க அதே விதி போதும். பல இடுக்கிகளில் வெள்ளை நுனி இரண்டு சிறு திருகுகளால் ஸ்டீல் கையோடு பொருத்தப்பட்டிருக்கும். கழற்றி, நகை நிறுக்கும் வகையான, 0.01 கிராம் வரை காட்டும் சிறு டிஜிட்டல் தராசில் வைத்து எடையைக் குறித்துக்கொள்ள வேண்டும், 1.80 கிராம் என்று வைத்துக்கொள்வோம். பிறகு தண்ணீர் உள்ள சின்னக் கோப்பையைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, நுனியை மெல்லிய நூலில் கட்டி, அடியையோ பக்கத்தையோ தொடாமல் நீருக்குள் மூழ்கும்படி பிடிக்க வேண்டும். தராசு இப்போது காட்டுவது நுனி விலக்கிய நீரின் எடை. அது 0.30 என்றால், 1.80-ஐ 0.30-ஆல் வகுத்து 6 வருகிறது: சிர்கோனியா. விடை 4-ஐ ஒட்டி வந்தால் அலுமினா. 2.5-க்குப் பக்கம் வந்தால் சாதாரணப் பீங்கான். ஒன்றரை என்றால் பிளாஸ்டிக். நுனியில் ஒட்டும் காற்றுக்குமிழை விரலால் துடைத்துவிட்டால் போதும், ஐந்து நிமிட வேலை. கறுப்பு நுனிகளுக்கு இன்னொரு சோதனையும் வேண்டும். மின்னணுப் பழுது பார்ப்பவர்களுக்காக, நிலைமின்சாரம் கசிந்துபோகட்டும் என்றே கார்பன் இழை கலந்து செய்யும் பிளாஸ்டிக் நுனிகள் உண்டு; அவை கொஞ்சம் கடத்தும், சிவந்த கம்பியில் உருகும். மல்டிமீட்டரின் இரு முனைகளை நுனியில் வைத்தால் வாசிப்பே வரக்கூடாது.

செராமிக் இடுக்கி தேவையே இல்லை என்பவர்களின் வலுவான வாதம் ஒன்று உண்டு. பட்டனைவிட்டு விரலை எடுத்த பிறகு, கம்பி இன்னும் சூடாக இருக்கும் அந்த நொடியில் ஸ்டீலால் அமுக்கினால் ஷார்ட் எப்படி வரும்? சரிதான், வராது. கவனமாகச் செய்கிறவருக்கு அது பாதுகாப்பான வழியே. ஆனால் அங்கே பாதுகாப்பு முழுவதும் கட்டைவிரலின் நேரக்கணக்கில் நிற்கிறது. கம்பி ஓரிரு நொடியில் ஆறிவிடும் என்பதால் கை அவசரப்படும். அவசரத்தில் விரல் எழும் முன்பே இடுக்கி இறங்கும். திரவம் ஒட்டிய பட்டன் உள்ளேயே சிக்கிக்கொள்வதும் உண்டு. தவறுகிற கையைப் பொறுத்துக்கொள்ளும் பொருள் இருக்கும்போது, தவறாத கையை எதிர்பார்ப்பது நல்ல வடிவமைப்பாகாது. மூங்கில் குச்சி போதும் என்ற வாதத்துக்கு விடை இன்னும் சுருக்கம்: மரம் 300 டிகிரி செல்சியஸ் வாக்கில் கருகத் தொடங்கும், சிவந்த கம்பி அதைவிட இருமடங்குக்கு மேல் சூடு.

படித்தவர்கள் எழுப்பக்கூடிய நுட்பமான ஆட்சேபமும் இருக்கிறது. சூடான சிர்கோனியா மின்சாரத்தைக் கடத்தும் என்பது பழைய செய்தி. 1897-ல் வால்தர் நெர்ன்ஸ்ட் சிர்கோனியா கலந்த தண்டைச் சூடேற்றி மின்விளக்காகவே எரியவைத்தார். காரின் புகைக்குழாயில் ஆக்சிஜனை அளக்கும் உணரியும் இந்தக் குணத்தால் வேலைசெய்கிறது. அதிக வெப்பத்தில் ஆக்சிஜன் அயனிகள் படிகத்துக்குள் நகர்வதே காரணம். அப்படியிருக்க, சிவந்த கம்பியைத் தொடும் நுனி கடத்தியாகிவிடாதா? கணக்குப் போட்டால் பயம் விலகும். நுனி முழுவதும் 800 டிகிரிக்கு ஏறிவிட்டதாகவே வைத்துக்கொண்டாலும், அரை சென்டிமீட்டர் நீளத்துக்கு அதன் தடை நூற்றுக்கணக்கான ஓம் இருக்கும். சுருளின் தடை ஒரு ஓமுக்கும் கீழே. குறுக்குவழியில் போகும் மின்னோட்டம் பொருட்படுத்தத் தேவையில்லாத அளவு. ஓரிரு நொடித் தொடுதலில் நுனியின் மேற்பரப்பு மட்டும்தான் சூடேறும் என்பதால் உண்மையில் அதைவிடவும் குறைவு.

உடையும் என்ற குறையை மறைக்கக்கூடாது. விரிசலை நெருக்கி மூடும் வித்தை இருந்தும், ஸ்டீலின் வலிமைக்கு முன்னால் சிர்கோனியா நொறுங்கும் இனமே. அழுத்தத்தைத் தாங்கும், முறுக்கைத் தாங்காது. அதனால்தான் நல்ல இடுக்கிகளில் வில்போல் வளையும் கைகள் ஸ்டீலாகவும் நுனி மட்டும் செராமிக்காகவும் இருக்கின்றன. வெப்பத்தை மெதுவாகக் கடத்துவதால் திடீர்க் குளிர்ச்சி அதற்குப் பகை; சுட்ட நுனியை ஈரப் பஞ்சிலோ தண்ணீரிலோ வைக்கக்கூடாது. சூளையின் தரமும் பொருளின் தரத்தில் பாதி. பிரான்சில் செய்த சிர்கோனியா இடுப்பு மூட்டுப் பந்துகள் சில நோயாளிகளின் உடலுக்குள்ளேயே உடைந்ததால், அந்தத் தொகுதிகள் 2001-ல் திரும்பப் பெறப்பட்டன. சுடும் சூளையை மாற்றியதில் நேர்ந்த குறை அது. பெயர்பெற்ற மருத்துவப் பொருளிலேயே அப்படி என்றால், பெயரில்லாத உறையில் வரும் நுனியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, மயிரிழை விரிசலோ விளிம்பில் சில்லோ இருந்தால் ஒதுக்கிவிடுவதே சரி.

இதே காரணங்களால் செராமிக் கத்தரிக்கோலும் செராமிக் திருப்புளியும் சேர்ந்த 'முழு செட்' வீண்செலவு. பஞ்சை வெட்டும்போது சுருளில் மின்சாரமும் இல்லை, சூடும் இருக்கக்கூடாது. சாதாரணக் கத்தரி அழகாக வெட்டும். திருகை முடுக்குவது முறுக்கும் வேலை, செராமிக்குக்குக் கொஞ்சமும் ஒத்துவராதது. கம்பியைச் சுற்றும் குச்சி குளிர்ந்த நிலையில் பயன்படுவது. நேரான ஸ்டீல் குச்சியே மேல். மீதமாகும் பணத்தை ஓம்மீட்டருக்கும், மேலுறை கிழியாத நல்ல பேட்டரிக்கும் செலவிடலாம். சுருளைப் பொருத்தியதும் கணக்கில் வந்த 0.8 ஓம் மீட்டரிலும் வருகிறதா என்று பார்க்காமல் பட்டனைத் தொடுவது, விலையுயர்ந்த எந்த இடுக்கியாலும் ஈடுகட்ட முடியாத தவறு. டைட்டானியம், நிக்கல் கம்பிகளைப் பஞ்சில்லாமல் சிவக்கச் சுடவே கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சிவக்கும் டைட்டானியத்தின் மேல் வெள்ளை ஆக்சைடுத் தூள் படியும். அது நுரையீரலுக்குப் போக வேண்டிய பொருள் இல்லை.

இவ்வளவும் எழுதுவது அந்தப் பழக்கத்துக்கு ஆள்சேர்ப்பதாகாதா என்று கேட்பவர்களின் கவலை நியாயமானது. இடுக்கியின் பாதுகாப்பு வேறு, இழுக்கும் ஆவியின் பாதுகாப்பு வேறு. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-ல் தினமும் வேப் இழுக்கும் 56 பேரின் கருவிகளைச் சோதித்தபோது, குப்பியிலிருந்த திரவத்தைவிட, சூடான சுருளைத் தொட்டு வந்த ஆவியில் குரோமியம், நிக்கல், காரீயம் போன்ற உலோகங்கள் கூடியிருந்தன. சிர்கோனியா நுனி இதைத் தடுக்காது. நிக்கோட்டினின் பிடியையும் தளர்த்தாது. புகைக்காதவர் எவரும் இதைத் தொடங்க எந்தக் காரணமும் இல்லை. மலேசியாவில் 2024 அக்டோபர் 1 முதல் நடப்பிலுள்ள 852-ஆம் சட்டம் 18 வயதுக்குட்பட்டோருக்கு விற்பதைத் தடைசெய்கிறது. ஜொகூரும் கிளந்தானும் முன்பே விற்பனையை நிறுத்தின, திரங்கானு 2025 ஆகஸ்டில் சேர்ந்துகொண்டது. இந்தியாவில் 2019 முதல் தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை எல்லாமே குற்றம். சட்டம் எங்கே இறுகினாலும், வீட்டு மேசையில் ஏற்கெனவே பேட்டரியும் கம்பியுமாக உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் உடனே மறைந்துவிட மாட்டார்கள். அதே வீட்டில் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அந்த மேசையில் தீப்பிடிக்காமல் இருப்பது பழக்கத்தைப் பாராட்டுகிறவர்களுக்கும் வெறுப்பவர்களுக்கும் பொதுவான நலன்.

ஆகவே தேர்வு சிறியது, காரணம் தெளிவானது. வளையும் ஸ்டீல் கை, கழற்றி மாற்றக்கூடிய சிர்கோனியா நுனி, விளிம்பில் சில்லில்லாதது, தண்ணீர்ச் சோதனையில் 6 காட்டுவது. அந்த எண் வராவிட்டால் உறைமேல் எதை அச்சிட்டிருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடலாம். டூலாங் தட்டில் வெள்ளீயத்தையும் மணலையும் பிரித்த பெண்கள் உறையில் எழுதியதைப் படித்து வேலை செய்யவில்லை. தட்டின் அடியில் எது தங்கியது என்று பார்த்தார்கள்.